பாங்க் நேரத்தில் மோட்டார் ரிப்பேர்

சேலையூர்,
18-2-2001, ஞாயிறு மாலை.

அன்பு மகன் காலேபுக்கு, அம்மா தபீதாள் சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெரூஷா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம், நீயும் மஸ்கட்டில் அந்த ஏசி அறையில் உறைந்துபோகாமல் முழுசாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவே ஏன் எழுதவில்லை என்று கவலைப்படாதே, அம்மாவின் கண்ணாடி நாற்காலியில் இருந்தது, நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன், இரண்டு பேரில் நான்தான் பலசாலி என்று தெரிந்தது. புதுக் கண்ணாடி புதன்கிழமைதான் கிடைக்குமாம். அதுவரை பொறுக்க முடியாத விஷயம் என்பதால் எழுத்து என்னுடையது, விஷயம் அம்மாவுடையது, நடுநடுவே வரும் வாய் மட்டும் என்னுடையது. அப்பா மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் கிணற்றுக் குழாய்க்கு ஃபுட் வால்வு மாற்றப் போயிருக்கிறார், அவர் திரும்பி வருவதற்குள் எழுதி முடி என்று அம்மா அவசரப்படுத்துகிறாள்.

விஷயம் இதுதான். அப்பா பாங்கில் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, வாங்கவில்லை. வியாழக்கிழமையோடு கடைசித் தேதி முடிந்துவிட்டது, பேப்பர் கையெழுத்து இல்லாமலே பீரோவில் இருக்கிறது. நீ போன மாதம் போனில் "விட்டுத் தள்ளுங்கப்பா அந்த பாங்க் வேலையை, உங்களுக்குப் பிடிச்ச தொழிலைப் பாருங்க" என்று ஒரே போடாகப் போட்டாய் அல்லவா, அன்றிலிருந்து அப்பா தரையில் நடக்கவே இல்லை, அம்மா சரியாகத் தூங்கவும் இல்லை. நீ ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிட்டாய், மீதியை நாங்கள் பார்த்துக்கொண்டோம். மூன்று வருஷமாக ஊரில் இல்லாதவனுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று அம்மா ஆரம்பிக்கிறாள், நீயும் பொறுமையாகப் படி.

அப்பா பகலெல்லாம் பல்லாவரம் கிளையில் பென்ஷன் கவுண்டர், சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு மோட்டார் ரிப்பேர், எரிந்த மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருளான காயிலைப் புதிதாகக் கட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. அம்மாவுக்குத் தாலி கட்டிய நாளிலிருந்து அப்பா கட்டியதெல்லாம் காயில்தான். அம்மா காய் நறுக்க உட்காரும் நேரத்தில் அப்பா பக்கத்து ஷெட்டில் காயில் சுற்ற உட்காருவார், வீடு முழுக்க சாம்பாரும் வார்னிஷும் கலந்து மணக்கும். பகலில் வேறு வேலை உள்ள ஆள் ஒரு மோட்டாரைக் கழற்றினால் காயில் கட்டி, வார்னிஷ் காய்ந்து திரும்ப மாட்ட மூன்று நாலு சாயங்காலம் ஆகும். அதுவரை அந்த வீட்டில் தண்ணீருக்கு என்ன செய்வார்கள்? அதற்காகத்தான் அப்பா சொந்தமாக ஒரு பழைய மோட்டார் வைத்திருக்கிறார், மாத்து மோட்டார். எரிந்ததைக் கழற்றிய கையோடு மாத்தை மாட்டிவிட்டு வருவார், ரிப்பேர் முடிந்ததும் மாத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இதனால்தான் இத்தனை வருஷம் பாங்க்கும் தொழிலும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் ஓடின. மேனேஜருக்கும் தெரியும், அவர் வீட்டு மோட்டாரும் அப்பா கைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மற்றவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள், அப்பாவிடம் மட்டும் "ஸ்தோத்திரம் சாலமோன், மோட்டார் கிர்ருங்குது" என்பார்கள்.

நவம்பரில் வந்தது வினை. ராஜகீழ்ப்பாக்கம் ராஜகோபாலன் சாரை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு சைக்கிள் டயனமோ கொடுத்தவர், அப்பாவின் பழைய வாடிக்கை. அவருடைய மகள் சாவித்ரிக்கு வளைகாப்பு, வீடு நிறைய சொந்தக்காரர்கள், முதல் நாள் காலையில் மோட்டார் புகைந்துவிட்டது. பாங்குக்கே போன் செய்துவிட்டார். அப்பாவின் மாத்து மோட்டார் படப்பையில் ஒரு வீட்டில் மாட்டியிருந்தது, அப்பாவோ கவுண்டரில் மாட்டியிருந்தார். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் சார் என்று அப்பா சொல்ல, "நீங்க பாங்க் முடிச்சுட்டு வர்றதுக்குள்ள வளைகாப்பு முடிஞ்சு கொழந்தையே பொறந்துடும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் வேறு கடைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார். அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "ரெண்டு குதிரையில கால் வெச்சுக்கிட்டு நிக்கறேன் தபீதாள், வாடிக்கையையும் விட்டுட்டேன்" என்றாராம். டிசம்பரில் பாங்கில் வி.ஆர்.எஸ். அறிவித்ததும் கர்த்தரே வழி காட்டிவிட்டார் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. அப்புறம் நீயும் கர்த்தரோடு சேர்ந்துகொண்டாய்.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் இவர் ஆயுசு முழுக்க அதைச் சொல்லிக்காட்டுவார் என்று பயந்து (இதை அப்படியே எழுது என்றாள், எழுதிவிட்டேன்) ஒரு ஏற்பாடு சொன்னாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் லீவு போடுங்கள், பாங்கை விட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு முழுநேரமும் தொழில் செய்து பாருங்கள், பிடித்திருந்தால் பேனாவை நானே திறந்து தருகிறேன் என்றாள். அப்பா ஒத்துக்கொண்டார். கேம்ப் ரோட்டில் ஒரு பெயின்டரைப் பிடித்து போர்டும் எழுதிக்கொண்டு வந்தார். நீலத்தில் மஞ்சள் எழுத்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாலமோன் எலக்ட்ரிகல்ஸ், எல்லா வகை மோட்டார்களுக்கும் காயில் கட்டித் தரப்படும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தது தெரியுமா அண்ணா? வேலை நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை, உணவு இடைவேளை 2 முதல் 2.30, சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு விடுமுறை. நான் சும்மா இருப்பேனா, சாக்பீஸை எடுத்து அடியில் 'பாஸ்புக் பதிவு 12 மணி வரை மட்டும்' என்று எழுதினேன். அப்பா இரண்டு நாள் அதைக் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் அவர் கண்ணுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சலவைச் சட்டையில் அப்பா ஷெட்டில் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி வரைக்கும் வந்தது ஒரே ஆள், மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு புஷ்பலதா அக்கா, அதுவும் மூடி சரியாகப் பொருந்தாததுதான் கோளாறு. மறுநாள் காலையில் கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் கிளியம்மாள் போர்டையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா சாரே, பாங்க்ல கல்லாவ ஒட்ச்சிட்டு வந்துட்டியா, வூட்லயே குந்திக்கினு கீற?" என்று கேட்டாள். லீவு அம்மா என்று அப்பா மரியாதையாகச் சொன்னார். "லீவு வுட்டா மனுசன் ஊருக்குப் போவான், நீ இன்னாடான்னா போர்டு மாட்டிக்கினு கீறியே, போணியாச்சா?" என்று அவள் விடவில்லை. அம்மா நடுவில் புகுந்து சங்கரா மீன் வாங்கி அப்பாவைக் காப்பாற்றினாள்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு அப்பா டி.வி.எஸ். ஃபிப்டியில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், வேலை தேடி வராவிட்டால் நாம் தேடிப் போவோம், பழைய வாடிக்கை வீடுகளில் மோட்டாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். எந்த வீட்டிலும் ஆள் இல்லை. கேட்டில் பூட்டு, உள்ளே நாய். திறந்திருந்தது நாயின் வாய் மட்டும்தான். புருஷன் கிண்டிக்கு, பெண்டாட்டி எழும்பூருக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்று காலை எட்டரைக்கெல்லாம் காலனியே தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுகிறது. யோசித்துப் பார், அப்பா இருபது வருஷமாக இந்தக் காலனியைச் சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், எல்லா வீட்டிலும் "சார் வாங்க, காபி சாப்பிடுங்க" என்பார்கள். பகலிலும் அப்படியேதான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பகலில் இந்த ஊரில் என்ன நடக்கிறது என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும், அவரும்தானே அந்த ரயிலில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

இதைவிடப் பெரிய கூத்து சாயங்காலம். ஐந்து மணிக்கு அப்பா ஷெட்டைப் பூட்டிவிட்டு முகம் கழுவி, அம்மாவோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் குடும்பத்துக்கு, இத்தனை வருஷம் உனக்குக் கொடுக்காததை இனிமேலாவது கொடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். ஆனால் இரண்டே நாளில் அம்மாவுக்கு அலுத்துவிட்டது, இந்தப் பெண் ஏன் அழுகிறாள், அந்த ஆள் யாருக்கு மாமா என்று சீரியல் முழுக்கக் கேள்வி, ஒரு வசனம்கூடக் காதில் விழவில்லை. ஆறரை மணி ஆனால் போன் அடிக்க ஆரம்பிக்கும். வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வந்து, ஸ்விட்சைப் போட்டு, தண்ணீர் ஏறாததைக் கண்டுபிடிக்கும் நேரம் அது. அப்பா எடுத்து, பென்ஷன் கவுண்டர் குரலில், நேரம் முடிந்துவிட்டது, நாளை காலை பத்து மணிக்கு மேல் வருகிறேன் என்பார். "பத்து மணிக்கு நான் ஆபீஸ்ல இருப்பேனே சார், வீடு பூட்டியிருக்குமே" என்பார்கள். அப்படியானால் சனிக்கிழமை அரை நாள் இருக்கிறது என்பார் அப்பா. முதல் வாரம் முழுக்க இப்படியே போனது. பகுதிநேரமாகச் செய்தபோது வாரம் நாலு மோட்டார் வரும் வீட்டில், முழுநேரம் ஆனதும் வந்தது ஒரு மிக்ஸி மூடி.

பிறகு அப்பாவே போன் செய்ய ஆரம்பித்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் வேலை செய்யும் இடத்துக்கே கூப்பிட்டு, மோட்டார் சௌக்கியமா என்று விசாரித்தார். மேற்கு தாம்பரம் தட்சிணாமூர்த்தி மாமா பயந்தே போய்விட்டார், "என்ன சாலமோன் சார், ஏதாவது கோளாறு வெச்சு மாட்டிட்டீங்களா?" என்று கேட்டாராம். வி.ஆர்.எஸ். என்றால் 'வீட்டில் ரொம்ப சும்மா' என்று நான் அப்போதுதான் விரிவாக்கம் கண்டுபிடித்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

இன்னொன்றும் செய்தேன், இதையும் எழுதாவிட்டால் அம்மா விடமாட்டாள். பள்ளிக்கூட வாசலில் உள்ள ஒரு ரூபாய் போனில் நானும் என் வகுப்பு நிஷாவும் காசு போட்டு வீட்டுக்கு அடித்தோம். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அப்பா எடுத்து, சாலமோன் எலக்ட்ரிகல்ஸ் என்றார். நான் குரலை மாற்றி, "சாரே, எங்க வூட்டு மோட்டாரு குபுகுபுன்னு புகை வுடுது, சீக்கிரம் வா சாரே" என்றேன். எத்தனை ஹெச்.பி. என்று கேட்டார். பத்து என்றேன். "பத்து ஹெச்.பி. வெச்சு வீட்ல என்னம்மா பண்றீங்க, சேலையூர் ஏரியையா இறைக்கிறீங்க?" என்றார். நிஷா சிரித்துவிட்டாள். அடுத்து அப்பா சாவகாசமாக, "டிபன் பாக்ஸை மறந்து வெச்சிட்டுப் போயிட்ட, கொண்டாந்து தரட்டுமா? எனக்கு வேலை ஒண்ணும் இல்லை" என்றார். தெரியாத வீட்டிலிருந்து வந்த போன் என்று நினைத்து எடுத்தபோது அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை அண்ணா. டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திட்டாமல் போனார். திட்டியிருக்கலாம்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை ஏழு மணிக்குப் போன் வந்தது. அப்பா மாடியில் இருந்ததால் அம்மா எடுத்தாள். ராஜகோபாலன் சார். நவம்பரில் அந்தக் கடைக்காரர் கட்டிய காயில் மறுபடியும் எரிந்துவிட்டதாம், சாவித்ரி குழந்தையோடு வந்திருக்கிறாளாம், பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது, தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. "சார்கிட்ட கேக்கவே எனக்கு வாய் வரலைம்மா, அன்னிக்கு நான் பேசினதுக்கு" என்றாராம். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைக் கேட்கவே இல்லை, இதோ கிளம்பிட்டார் என்று சொல்லி வைத்துவிட்டாள். மாடிப்படியில் நின்று, நேரம் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சே என்று அப்பா இழுத்தார். "அந்தக் கொழந்தைக்கு உங்க போர்டு படிக்கத் தெரியாதுங்க, எந்திரிச்சுப் போங்க" என்று அம்மா சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள், அந்தப் பழைய நீலச் சட்டையை. மாத்து மோட்டார் படப்பையிலிருந்து திரும்பி வந்து ஷெட்டில் சும்மாதான் கிடந்தது. அதை வண்டியில் கட்டிக்கொண்டு போனார். எட்டரைக்கெல்லாம் எரிந்த மோட்டாரோடு திரும்பி வந்துவிட்டார், அங்கே தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்றார், முகமே வேறாக இருந்தது. அதற்குள் இன்னும் இரண்டு வீட்டிலிருந்து போன் வந்திருந்தது, நான்தான் எடுத்தேன், போர்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாடு போடும்போதுதான் அம்மா சொன்னாள். நீங்கள் இன்றைக்குப் பகலெல்லாம் லீவில் வீட்டிலேயே இருந்தீர்கள், ஆனாலும் ராஜகோபாலன் ஏழு மணிக்குத்தான் கூப்பிட்டார், ஒன்றரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது, பாங்குக்குப் போயிருந்தாலும் இதே ஏழு மணிதான், இதே ஒன்றரை மணி நேரம்தான். "நவம்பர்ல உங்களுக்கு இல்லாமப் போனது நேரம் இல்லீங்க, இன்னொரு மாத்து மோட்டார்" என்றாள். வளைகாப்பு மறுநாள்தானே, ஒன்று படப்பையில் இருந்தாலும் ஷெட்டில் இன்னொன்று இருந்திருந்தால் அன்று சாயங்காலமே கொண்டுபோய் மாட்டியிருக்கலாம், வேறு கடைக்காரர் உள்ளே வந்திருக்கவே மாட்டார். அப்பா ரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் ஏதோ யோசனையாகவே இருந்தார், காயில் கட்டினார், வெள்ளிக்கிழமை மேற்கு தாம்பரம் போய்ப் பழைய மோட்டார் ஒன்று பேசி வாங்கிக்கொண்டு வந்தார். இப்போது மாத்து இரண்டு. ராஜகோபாலன் சார் வீட்டிலிருந்து பழைய மாத்து திரும்பி வந்ததும், அடையாளத்துக்குப் பெயர் எழுது என்று என்னிடம் பிரஷைக் கொடுத்தார், ஒன்றுக்கு ஆபேல் என்றும் இன்னொன்றுக்குக் காயீன் என்றும் எழுதினேன், காயில் கட்டும் வீட்டில் காயீன் இல்லாமலா? மோட்டாரில் வேதத்து ஆளையா எழுதுவாய், அதுவும் தம்பி ஆபேலைக் கொன்ற கொலைகாரனை என்று அம்மா கத்தினாள். அப்பா பார்த்துவிட்டு, "எழுதினா எழுதிட்டுப் போறா, ஆபேலை மட்டும் காயீன் பக்கத்துல வைக்காதீங்க" என்றார். அப்போதுதான் அப்பா பழையபடி ஆகிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. போன திங்கட்கிழமை பாங்குக்குப் போனார். மேனேஜர் முதல் கேள்வியாக, "சாலமோன், பேரிங் சத்தம் வருதுப்பா, சாயங்காலம் வர்றியா?" என்று கேட்டாராம். போர்டை அப்பாவே கழற்றி, நேரத்தின் மேல் மட்டும் நீலம் அடித்துவிட்டு மறுபடியும் மாட்டினார்.

இனி அம்மா உனக்குச் சொல்வது. நீ அங்கே வெள்ளிக்கிழமை லீவு நாளில் ரூம்காரர்களின் ஃபேன், வாஷிங் மெஷின் எல்லாம் கழற்றிப் பார்க்கிறாய் என்று எழுதியிருந்தாய். செய், வேண்டாம் என்று சொல்லவில்லை, அது உன் அப்பா ரத்தம். ஆனால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஃப்யூஸைக் கழற்றி உன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கை வைக்க வேண்டும், வேறு யாரையும் நம்பி விடாதே. கம்பெனி வேலைக்குத் தூக்கக் கண்ணோடு போகாதே. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. சபைக்குப் போவதை விடாதே. புஷ்பலதா அக்காவின் அண்ணன் மகளைப் பற்றி அம்மா ஒரு அரைப் பக்கம் சொன்னாள், இடம் இல்லாததால் அதை நான் எழுதவில்லை, பிறகு நன்றி சொல்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். கை கழுவாமல் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு, "பையன் அவ்வளவு தைரியம் சொன்னான், நான் பயந்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன்னு நினைச்சுக்கப் போறான், அப்படி இல்லேன்னு எழுது" என்றார். இதைச் சொல்ல முடியாமல்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது குளிக்கப் போகிறேன் என்று நழுவினாராம், இரண்டாவது தடவையாக அன்றைக்குக் குளித்தார். அம்மா உடனே, "பயந்தது நான், அப்படியே எழுது ஜெரூ. யோசிச்சது அவர். பயந்திருந்தா அந்தப் பேப்பரை மொத நாளே கிழிச்சிருப்பார், ரெண்டு வாரம் செஞ்சு பாத்திருக்க மாட்டார்" என்றாள். அப்பா கை கழுவப் போகும்போது விசிலடித்துக்கொண்டு போனார். அதனால் அடுத்த தடவை போன் செய்யும்போது பாங்க் பேச்சை நீயாக எடுக்காதே, ஏன் விடவில்லை என்று கேட்காதே. அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, "நல்லதுதான்பா செஞ்சீங்க" என்று ஒரு வார்த்தை சொல். அவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று அம்மா சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

கர்த்தர் உன் கண்ணையும் கையையும் நீ கை வைக்கும் வேலையையும் காத்துக்கொள்வாராக. காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், நம் நேரத்துக்கு ஆறரையிலிருந்து எட்டரை வரை இந்த வீட்டுக்குப் போன் செய்யாதே, தண்ணீர் இல்லாதவர்கள் கூப்பிடும் நேரம் அது, நீ லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால் அப்பா உன்னிடமே "கொஞ்சம் வெச்சுட்டு அப்புறம் கூப்பிடுப்பா" என்பார், பெற்ற பிள்ளை என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் அம்மா
தபீதாள் சாலமோன்
(கண்ணாடி இல்லாமல் போட்ட கையெழுத்து, கோணலுக்கு நான் பொறுப்பல்ல. ஜெரூஷா)